பொன்னிறப் படலமும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிலே உப்புக்காற்று ஓயாது வீசுகின்றது. மீன்பிடிப் படகுகளிற் பூட்டப்படும் இயந்திரங்களின் அலுமினியப் பாகங்கள் அக்காற்றினாற் பூச்சு உரிந்து பட்டறைக்கு வருகின்றன. அலுமினியத்தின்மீது நேரே பூசிய நிறமோ நெடுநாள் நில்லாது. காற்றுப்பட்ட அக்கணமே அவ்வுலோகத்தின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படர்கின்றது. அதனைப் பூச்சு இறுகப் பற்றுவதில்லை.

இக்குறையை நீக்கவே குரோமேற்றுக் கரைசலைப் பயன்படுத்துவர். எண்ணெயும் அழுக்கும் போக்கிய பாகத்தைச் சில நிமிடம் அதிலே தோய்த்தெடுத்தால் பொன்னிறப் படலமொன்று தோன்றும். ஈரமாயிருக்கும்போது அது கூழ்போல மென்மையானது. விரல் பட்டாலே சிதையும். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடத்திலே பூச்சுப் பின்னர் கொப்புளித்து உரியும். எனவே றப்பர்க் கையுறை வேலையையும் காக்கின்றது. வேலை செய்பவனையும் காக்கின்றது.

அக்கரைசலில் உள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் தோலிலே ஆறாப் புண்ணை உண்டாக்கும். அது மூச்சுடன் உட்சென்றால் நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. ஆகையால் உலர்ந்த படலத்தை மணற்கடதாசியால் தேய்த்துத் தூசி எழுப்புதல் ஆகாது. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி வேண்டும். கை கழுவாமல் உண்பதும் வெற்றிலை போடுவதும் கூடா. கரைசல் துடைத்த துணி உலர்ந்தால் எளிதிலே தீப்பற்றும். அதனை நீரில் நன்கு அலசிய பின்னரே அகற்றவேண்டும்.

அலசிய நீர் எங்கே செல்வது? இதுவே தலையாய வினா. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; கிணறே உயிர். நிலமோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். முற்றத்தில் ஊற்றியது கிணற்றிற் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளிலே மின்நிலையக் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்ததை மக்கள் அறிவர். தமிழகத்தின் இராணிப்பேட்டையிலே 1995ஆம் ஆண்டில் மூடப்பட்ட குரோமேற்றுத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு ஓர் இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டது. அதன் நஞ்சு நிலத்தடி நீரிலும் இறங்கியது.

ஆதலால் கழுவிய நீரை மூடிய பீப்பாவிற் சேர்த்து, அதனைப் பக்குவப்படுத்தத் தெரிந்தோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு வசதியற்ற பட்டறைகள் மூன்று வலுவளவுக் குரோமியத்தையோ சேர்க்கோனியத்தையோ கொண்ட கரைசலை நாடுதல் நன்று. பூச்சு உரிந்தால் மீண்டும் பூசலாம்; கெட்ட கிணற்றை அவ்வாறு மீட்டல் எளிதன்று.