ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய ஏடுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பணியின் பொருட்டும் படிப்பின் பொருட்டும் வங்கம் வந்து வேரூன்றிய நமக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அயலார் வீடன்று. அதன் வரலாற்றைக் கட்டடங்களில் மட்டும் தேடுவோமாயின் ஏமாற்றமே எஞ்சும். கல்லூரித் தெருவில் பெருந்தூண்களோடு நிமிர்ந்து நின்ற செனட் மாளிகை 1960ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. தூண்கள் போயின, ஏடுகள் எஞ்சின. அவ்வேடுகளைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

1857ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் சட்டத்தினால் தோன்றிய இப்பல்கலைக்கழகம், தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. ஆதலின் அதன் இளமை வாழ்வு பெரும்பாலும் தாளின் மீதே நடந்தது எனலாம். செனட், சிண்டிகேட் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், காலண்டர் எனப்படும் ஆண்டுத் தொகுப்புகள், தேர்ச்சிப் பட்டியல்கள், பட்டமளிப்பு விழாப் பேருரைகள், அறக்கட்டளைப் பத்திரங்கள் ஆகியனவே அதன் உண்மையான கருவூலம்.

இவை வெறுங் கணக்குகள் அல்ல. 1858இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் பட்டம் பெற்றோர் இருவரே. ஒருவர் யதுநாத போஸ். மற்றவர், பின்னாளில் வந்தே மாதரம் பாடிய பங்கிம் சந்திரர். ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறிய இருவரும், ஆறாவதில் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாமல் குறைந்தமையால், தனிச் சலுகையாகப் பட்டம் பெற்றனர் என்று நடவடிக்கைக் குறிப்பு சொல்கிறது. தேர்வில் சறுக்கிய நம் பிள்ளைகளுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு உண்டோ!

பெண்கள் தேர்வெழுத இப்பல்கலைக்கழகம் 1878இல் வழி திறந்ததையும், காதம்பினி, சந்திரமுகி என்னும் இருவர் 1883இல் பட்டதாரிகளானதையும் அவ்வேடுகளில் காண்கிறோம். ஆக்ஸ்போர்டு தன் மகளிர்க்குப் பட்டம் அளித்தது 1920இலேதான். 1937ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் இரவீந்திரநாத தாகூர் ஆங்கிலத்தை விடுத்து வங்க மொழியில் உரையாற்றினார். முந்தைய உரைகளின் தொகுதியை அருகில் வைத்துப் பார்த்தாலன்றோ அவர் செய்ததன் அருமை விளங்கும்!

ஏட்டின் வலிமையைக் காட்ட இன்னும் ஒன்று சொல்வோம். 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பட்டம் பெற வந்த வீணா தாஸ் என்னும் மாணவி, விழா மண்டபத்திலேயே ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனைத் துப்பாக்கியால் சுட்டார். ஆளுநர் உயிர் தப்பினார்; மாணவி சிறை புகுந்தார்; பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், அவர் மறைந்த பின்னர், அவருக்கும் மற்றொரு வீராங்கனையான பிரீத்திலதா வத்தேதாருக்கும் பல்கலைக்கழகம் பட்டம் அளித்தது. தேறினார் என்னும் பதிவு அழிந்திருக்குமாயின் எதனைச் சான்றாகக் கொண்டு அக்கடனைத் தீர்ப்பது? பிற்காலத்தவர் நீதி வழங்க முன்வரினும் முற்காலத்து ஏடு கைகொடுக்க வேண்டும்.

இனி, தமிழராகிய நமக்கு இதில் உள்ள பங்கு யாது? 1917இல் இங்குப் பாலித் பேராசிரியராக அமர்ந்த சர். சி. வி. இராமனையும், 1921இல் தத்துவப் பேராசிரியராக வந்த திருத்தணி தந்த இராதாகிருஷ்ணனையும் யாவரும் அறிவர். எனினும் நம் தொடர்பு அவர்களோடு தொடங்கவில்லை. ஒரு காலத்தில் லாகூர் முதல் இரங்கூன் வரை, இலங்கை உட்பட, இப்பல்கலைக்கழகத்தின் எல்லை பரந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரி இதனோடு இணைப்புப் பெற்றிருந்தது. ஆகவே, கங்கைக் கரையைக் கண்ணால் காணாத தமிழ் மாணவரும் கல்கத்தாவின் தேர்வை எழுதினர். நாடுகள் பிரிந்தன, எல்லைகள் மாறின, அப்பெயர்கள் மட்டும் ஒரே ஏட்டில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

ஆனால் அலுவலக ஏடு பெயரைச் சொல்லும், மதிப்பெண்ணைச் சொல்லும். அம்மாணவன் எவ்வீட்டில் தங்கினான், எவர் அவனுக்குச் சோறிட்டார், ஊருக்கு என்ன எழுதினான் என்பதனைச் சொல்லாது. அதனைச் சொல்லக்கூடியவை நம் இல்லங்களில் கிடக்கும் கடிதங்களும், பாடக் குறிப்பேடுகளும், பின்புறம் பெயரெழுதாத புகைப்படங்களுமே. வங்கத்து ஈரக் காற்றுக்கும் கரையானுக்கும் அவை நாள்தோறும் இரையாகின்றன. வீடு மாறும்போது பழந்தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போகின்றன.

ஆதலின் அன்பர்களே, நாம் செய்யத்தக்கது பெரும்பொருள் வேண்டாத பணியே. புகைப்படத்தில் இருப்போர் பெயரைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறம் குறித்து வைப்போம். கடிதங்களை ஆண்டு வாரியாக அடுக்கி, ஈரம் புகாத இடத்தில் வைப்போம். மின்னணுப் படி எடுத்தாலும் மூலத்தை எறியாதிருப்போம். நம் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதுவோம். பட்டியல் இல்லாத களஞ்சியம் பூட்டிய வீட்டுக்கு ஒப்பாகும்.

பல்கலைக்கழகம் தன் ஏட்டில் நம் பெயரைக் காத்தது. அப்பெயருக்கு உரிய வாழ்வைக் காப்பது நம் கடமை. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக.