பிள்ளை சொன்னால் நம்புவோம்

 

கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நாம் மாலையில் கூடி எழுத்துப் படிக்கிறோம். இன்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

2023 ஆகஸ்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் ஆண்டு மாணவன். வயது 17. விடுதிக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 9 இரவு விடுதி மாடியிலிருந்து விழுந்தான். மறுநாள் இறந்துபோனான். மூத்தவர்கள் ராகிங் செய்ததாகப் புகார் எழுந்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் கைதானார்கள். மேற்கு வங்கத்தில் ராகிங்கைத் தடுக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் ஓர் உயிர் போயிற்று.

அன்று இரவு அவன் தாயிடம் போனில் பேசினான். பயமாக இருக்கிறது என்று சொன்னதாகச் செய்தி வந்தது. தாய் வெளியூரில் இருந்தார். வந்து சேர நேரம் இல்லை. நம் பிள்ளைகளோ நம் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறார்கள். ஆனாலும் பயத்தை நம்மிடம் சொல்வதில்லை. ஏன்?

முன்பெல்லாம் கேலியும் மிரட்டலும் பள்ளி வாசலோடு நின்றுவிடும். பிள்ளை வீட்டுக்கு வந்தால் நிம்மதி. இப்போது செல்போன் வழியாக அவை வீட்டுக்குள்ளேயே வருகின்றன. கறுப்பு, குண்டு என்று நாலு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். படத்தை மாற்றி ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். பிள்ளை போர்வைக்குள் படித்து அழுகிறது. நாம் தூங்குகிறோம்.

நம் தமிழ்நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஒருவன் ஃபேஸ்புக்கில் போட்டான். வீட்டார் போலீசில் புகார் கொடுத்தார்கள். அவன் பிடிபடும் முன்பே அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். தன் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை, பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று எழுதிவைத்திருந்தாள். படம் தந்த வேதனை ஒன்று. நம்பாத வேதனை இன்னொன்று.

பிள்ளை வந்து சொன்னால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "நீ என்ன செய்தாய்?" என்கிறோம். போனைப் பிடுங்குகிறோம். அடிக்கிறோம். அடுத்த முறை அது வாய் திறக்காது.

வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை வெளியே ஆறுதல் தேடும். அங்கே பீடி நீட்டவும் கஞ்சா நீட்டவும் ஆள் இருக்கிறது. சியால்தா நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். செருப்பு ஒட்டும் பசையைப் பையில் ஊற்றிச் சின்னப் பிள்ளைகள் முகர்கிறார்கள். பசியும் பயமும் கொஞ்ச நேரம் மறக்கும். ஆனால் அது மூளையைக் கெடுக்கும். திடீரென்று இதயத்தை நிறுத்தவும் செய்யும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளைகளுக்குப் புகையிலை, மது, போதைப்பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று சொல்லுங்கள். மிரட்டிய செய்தியை அழிக்க வேண்டாம். அதுதான் சாட்சி. அதைக் காட்டிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடாவிட்டால், தூங்காவிட்டால், போன் மணி அடித்ததும் நடுங்கினால் பக்கத்தில் உட்காருங்கள். போதைப் பழக்கம் தெரிந்தால் மறைக்காதீர்கள். அது வைத்தியத்தில் தீரும்.

இப்போது நோட்டை எடுங்கள். இந்த எண்களை எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.
செல்போன், இணையக் குற்றத்துக்கு 1930.
மனம் உடைந்தால் 14416.
போதையிலிருந்து மீள 14446.
கல்லூரி ராகிங்குக்கு 1800 180 5522.

எழுதிவிட்டீர்களா? ஒருமுறை உரக்கப் படியுங்கள். வீட்டுச் சுவரில், பிள்ளை கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அதன் கீழே உங்கள் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: "எதுவானாலும் முதலில் அம்மாவிடம் சொல், அப்பாவிடம் சொல். அடிக்க மாட்டோம்." எழுதியபடி நடந்துகொள்ளுங்கள்.