மருந்து என்னும் நஞ்சு

(சாத்தான்குளத்தில் விவசாயிகளிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

பயிருக்கு அடிப்பதை நாம் "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் நல்ல பெயர்தான், பொருள் நஞ்சு. 1958-ஆம் ஆண்டு கேரளத்தில் நிகழ்ந்ததை நினைவூட்ட விரும்புகிறோம். பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லி, உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, வழியில் கசிந்து அவற்றில் கலந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் வயலில் தெளிக்கச் சென்றவர்கள் அல்லர், பசிக்கு உண்டவர்கள். அதன் பின்னர் எழுந்த முயற்சிகளின் பயனாகவே 1968-இல் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது.

ஆகவே அபாயத்தை அளக்க இரண்டு கேள்விகள் வேண்டும். நஞ்சின் கடுமை எவ்வளவு? அது நம் உடலை எட்டும் வழி எது? முன்னதற்கு விடை டப்பாவிலேயே உள்ளது. அதிலுள்ள சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடியது; மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும். பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று.

பின்னதற்கு விடை நம் மண்ணில் உள்ளது. தேரிமணலில் நீர் தங்குவதில்லை. விரைந்து கீழே இறங்கும். வாழைத்தூரில் இட்ட குருணையும், கிணற்றடியில் சிந்திய கரைசலும் குடிநீரை எட்ட அதிக காலம் வேண்டியதில்லை. வாழைக்குப் பலர் இட்டுவந்த போரேட் குருணை 2020 இறுதியோடு நாடெங்கும் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய பொட்டலம் வீட்டில் இருப்பின் அதை எடுத்து இடலாகாது. தெளிப்பானைக் குளத்தில் அலம்புவதும் அறவே கூடாது. முருங்கையில் தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது டப்பாவோடு வரும் சீட்டில் அச்சிட்டிருக்கும். சந்தை விலை ஏறியது என்பதற்காக அந்த நாட்களைக் குறைத்துக்கொள்ளல் ஆகாது.

பலர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, வெறுங்கையால் கரைசலைக் கலக்குகின்றனர். நஞ்சு தோல் வழியாகவும் ஏறும். துண்டு நனைந்துவிட்டால் அதுவே நஞ்சை முகத்தில் ஒட்டிவைக்கும்!

எச்சில் வடிதல், மிகுந்த வியர்வை, கண்மணி சுருங்குதல் ஆகியவை காணின், உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. டப்பாவையும் எடுத்துச் செல்க. சிலவகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். எல்லாவற்றிற்கும் அதுவே மாற்று அன்று. எந்த நஞ்சு என்பதை மருத்துவர் அறிந்தாக வேண்டும்.

காலி டப்பாவில் மண்ணெண்ணெயோ குடிநீரோ ஊற்றி வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அவற்றை மும்முறை அலசி, துளையிட்டு, ஊருக்கும் நீர்நிலைக்கும் அப்பால் சேர்க்கும் இடத்தை வரும் கிராம சபையில் முடிவு செய்யுமாறு ஊராட்சிச் செயலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.