பக்கத்து மேசையின் சம்பளம்



தமிழ்நாட்டிற்கு வெளியே குடியேறி வாழும் நம்மவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைப் பெரும்பாலும் உத்தியோகத்தின் வரலாறாகவே எழுத வேண்டியிருக்கும். நம் பாட்டனார் காலத்தில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள், ஒரு டிரங்குப் பெட்டியுடன் டில்லிக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறினார்கள். கரோல் பாகிலும் மாதுங்காவிலும் ஓர் அறையில் நால்வராகத் தங்கினார்கள். அந்த நால்வருள் ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரின் சம்பளம் தெரியும். எவர் எந்த ஊதிய விகிதத்தில் இருக்கிறார், அடுத்த ஆண்டுயர்வு எந்த மாதம் வரும் என்பனவெல்லாம் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போதே பேசப்பட்ட செய்திகள்.

அதே வயதுடைய ஆண்களும் பெண்களும் இன்று பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும், ஐதராபாத்தின் மாதாப்பூரிலும், புனேயின் ஹிஞ்சவாடியிலும், டில்லியை அடுத்த நொய்டாவிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். ஓர் அறையில் மூவராகத் தங்கும் வழக்கம் மாறவில்லை. ஆனால் அம்மூவருள் எவருக்கும் மற்றவரின் சம்பளம் தெரியாது. கேட்பது நாகரிகமன்று என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்வது குற்றம் என்று அவர்களுடைய நியமனக் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். நம் சம்பளத்தை மறைக்க விரும்பினாலும் இயலாது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் கடைநிலை ஊழியரின் தொடக்க ஊதியம் ரூ. 18,000, அமைச்சரவைச் செயலாளரின் ஊதியம் ரூ. 2,50,000. இடையில் உள்ளவர் அனைவரும் அந்த ஒரே தாளில் ஏதேனும் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறோம். ஆறாம் நிலை என்றால் ரூ. 35,400-இல் தொடக்கம் என்று எவரும் விரலை வைத்துக் காட்டலாம். அதனால் நம் அலுவலகத்தில் சம்பளத்தைப் பற்றிய வதந்தி என்று ஒன்று கிடையாது. வதந்திகள் மாற்றலைப் பற்றியும் குடியிருப்பு ஒதுக்கீட்டைப் பற்றியுமே பிறக்கின்றன. ஆயினும் இம்முறையின் குறையையும் மறைக்கலாகாது. ஒரு கோப்பை நாலு மணி நேரத்தில் செம்மையாகப் பெயர்த்துத் தருபவருக்கும், நாலு நாள் வைத்திருந்து பிழைகளோடு தருபவருக்கும் ஆண்டுயர்வு நூற்றுக்கு மூன்றுதான்.

இவ்வாறு வாழ்ந்து பழகிய நமக்கு, மென்பொருள் உலகின் கதவைத் திறந்து காட்டியவள் நம் தங்கை மகள். சேலத்தில் பொறியியல் படித்து, 2019-இல் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நியமனக் கடிதம் வந்த அன்று தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, மாதம் முப்பதாயிரம்" என்றாள். ஆண்டுக்கு ரூ. 3,60,000 என்று கடிதத்தில் இருந்தது. முதல் மாதம் பெண்ணின் வங்கிக் கணக்கில் சேர்ந்த தொகை இருபத்திரண்டாயிரம். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று தங்கை அழுதாள். கடிதத்தை நமக்கு அனுப்பச் சொன்னோம்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்தத் தொகைக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'காஸ்ட் டு கம்பெனி'. மொழிபெயர்ப்பது நம் தொழிலாதலின் அதனைத் தமிழாக்கிப் பார்த்தோம்: 'நிறுவனத்திற்கு ஆகும் செலவு'. தமிழில் சொன்னவுடன் உண்மை விளங்கிவிட்டது. அது பெண்ணின் வருமானமன்று. அவளை வைத்துக்கொள்வதற்கு முதலாளி போடும் கணக்கு. அக்கணக்கில் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் மாதம் ரூ. 1,800 அடங்கும். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தால் மட்டுமே கைக்கு வரக்கூடிய பணிக்கொடை, அடிப்படைச் சம்பளம் பதினையாயிரமாக இருந்தபடியால் ஆண்டுக்கு ரூ. 8,650 அளவில் அடங்கும். மருத்துவக் காப்பீட்டின் சந்தாவும் அடங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக ரூ. 36,000, 'மாறும் ஊதியம்' என்ற பெயரில் ஆண்டு முடிவில் நிறுவனத்தின் இலாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்து வருவதாக எழுதியிருந்தது, வராமலும் போகலாம். எஞ்சியதைப் பன்னிரண்டால் வகுத்து, அதிலிருந்து பெண்ணின் பங்கான வைப்பு நிதி ரூ. 1,800-ஐயும் தொழில் வரி இருநூறையும் கழித்தால் இருபத்திரண்டாயிரம் நிற்கிறது. அதில் விடுதிக்குப் பத்தாயிரம்.

சம்பளம் என்ற சொல்லையே சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. அது சரியா என்பதை மொழி அறிஞரிடம் விட்டுவிடுவோம். நெல்லாகவும் உப்பாகவும் கொடுத்திருந்தால், 'இதில் எட்டு மரக்கால் ஐந்தாண்டு கழித்துத் தரப்படும்' என்று சொல்லியிருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

உண்மையான துன்பம் இனிமேல்தான் வந்தது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இத்தொழிலில் ஆட்களுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் ஓராண்டில் நூறு பேருக்கு இருபத்தைந்து பேருக்கும் மேல் வேலையை விட்டு வேறிடம் சென்றார்கள். அவ்விடங்களை நிரப்ப, வெளியிலிருந்து வருவோர்க்குக் கேட்ட தொகை கொடுக்கப்பட்டது. உள்ளேயே இருந்தவர்களுக்கோ வழக்கமான சிறு உயர்வுதான். நம் பெண் மூன்றாண்டு உழைத்து ஐந்து இலட்சத்தை எட்டியிருந்தாள். அவளுடைய குழுவில் அதே மூன்றாண்டு அனுபவமுள்ள ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவருக்கு வேலையைக் கற்பிக்கும் பொறுப்பு இவளுக்கு. ஆறு வாரங்கள் கற்பித்தாள். ஒருநாள் தேநீர் அருந்துகையில், வீட்டுக் கடன் பற்றிய பேச்சில், அவர் கள்ளங்கபடமின்றித் தமக்கு ஒன்பது இலட்சம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு அவள் நம்மை அழைத்தாள். "மாமா, எனக்கு வேலை தெரியவில்லையா?" என்றுதான் முதலில் கேட்டாள். இக்கேள்வியை நாம் மறக்கவில்லை. நால்வர் தங்கிய கரோல் பாக் அறையில் இக்கேள்வி பிறந்திருக்காது. சம்பளம் குறைவு என்றால் அது அரசாங்கத்தின் குறை, ஊதியக் குழுவின் குறை. சம்பளத்தை இரகசியமாக்கியவுடன் குறை தனி மனிதரின் தலையில் வந்து அமர்கிறது. தன் திறமை குறைவு போலும் என்று நல்ல வேலைக்காரியும் ஐயுறத் தொடங்குகிறாள்.

மறுநாள் அவள் மேலாளரிடம் சென்று கேட்டாள். ஏன் வேறுபாடு என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 'உனக்கு இது எப்படித் தெரிந்தது?' என்பதே விசாரணையாயிற்று. இருவரையும் அழைத்து, இரகசியக் காப்பு விதியை நினைவூட்டி எச்சரித்தார்கள். பாவம், அந்த இளைஞர் அதன்பின் அவளோடு தேநீர் அருந்தவே வரவில்லை.

சம்பளம் அவ்வளவு இரகசியமான பொருளா என்று எண்ணிப் பார்த்தோம். ஆணின் சம்பளத்தையும் பெண்ணின் வயதையும் கேட்கக் கூடாது என்றொரு பழமொழி போன்ற வழக்கு உண்டு. அதைச் சொல்லும் வீடுகளிலேயே பெண் பார்க்கப் போகும்போது முதலில் விசாரிக்கப்படுவது சம்பளம். திருமண விளம்பரத்தில் அச்சாகிறது. கடன் கொடுக்கும் வங்கி சம்பளச் சீட்டை வாங்கிக்கொள்கிறது. புதிய வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த நிறுவனமும் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு, அதன்மேல் நூற்றுக்கு இத்தனை என்று வைத்துப் பேசுகிறது. இதன் விளைவாக முதல் வேலையில் குறைவாகத் தொடங்கியவரின் குறைவு, நிழல்போல அடுத்தடுத்த வேலைகளுக்கும் தொடர்கிறது. ஆக, தரகருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், போட்டி நிறுவனத்திற்கும் தெரியும். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவருக்குத்தான் தெரியக் கூடாது. பேரம் பேசும்போது ஒரு தரப்பு எல்லாருடைய விலையையும் அறிந்திருக்க, மறு தரப்பு தன் விலையை மட்டும் அறிந்திருப்பதே இதன் பயன்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நார்வேயில் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானமும் வரியும் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. பொழுதுபோக்காக அண்டை வீட்டாரின் வருமானத்தைத் துருவுவோர் பெருகவே, யார் பார்த்தார் என்பதைப் பார்க்கப்பட்டவரும் அறியலாம் என்று 2014-இல் ஏற்பாடு செய்தார்கள். துருவுதல் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம், மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத தனியார் ஊழியருட் பெரும்பாலோர்க்குத் தம் ஊதியத்தைத் தமக்குள் பேசிக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பளத்தின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த நெறியாணை, விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதையே விலக்குகிறது. அதற்கேற்பச் சட்டம் இயற்ற உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை கெடு விதிக்கப்பட்டது. பஃபர் என்ற சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்று 2013-இல் தன் ஊழியர் அனைவரின் சம்பளத்தையும், அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் தானே உலகறிய வெளியிட்டது.

நம்மவர்க்கு இதில் நெருங்கிய தொடர்பும் ஒன்றுண்டு. எச்-1பி அனுமதியில் அமெரிக்கா செல்லும் மென்பொருளாளருக்காக அவருடைய முதலாளி அந்நாட்டுத் தொழிலாளர் துறையில் தாக்கல் செய்யும் விண்ணப்பத்தில், பதவி, ஊர், ஊதியம் ஆகியவற்றைக் குறிப்பிட்டாக வேண்டும். ஊழியரின் பெயரின்றி அவ்விவரங்களை அத்துறை வெளியிடுகிறது. இங்கே பெங்களூரில் இரகசியமாக இருந்த சம்பளம், கடல் கடந்தவுடன் ஏட்டில் ஏறிவிடுகிறது!

வெளிப்படையால் எல்லாரும் மகிழ்ச்சி அடைவார்கள் என்று சொல்ல மாட்டோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் நால்வர் ஓர் ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். சக ஊழியரின் சம்பளத்தைப் பார்க்கும் வழி இன்னதென்று சிலருக்கு மட்டும் தெரிவித்தார்கள். பார்த்தவருள், தம் போன்றாரின் நடுச் சம்பளத்திற்குக் கீழே இருந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் மிகுந்தது. மேலே இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடவுமில்லை. அறிவது வலிக்கும் என்பது மெய். ஆனால் நம் பெண்ணுக்கு அறியாமையின் விலை ஆண்டுக்கு நான்கு இலட்சம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் சிறிது நோக்க வேண்டும். சம்பளத்தைப் பேசிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகக் காக்கும் சட்டம் இங்கில்லை. ஆயினும் வெறுங்கையராகவும் நாம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 197-ஆம் பிரிவின்படி, பங்குச் சந்தையில் பதிவு பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றும், தன் இயக்குநரின் ஊதியம் ஊழியரின் நடு ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த நடு ஊதியம் அவ்வாண்டில் நூற்றுக்கு எவ்வளவு உயர்ந்தது என்பதும் அதில் இருக்கும். உங்கள் பிள்ளையின் நிறுவனம் பெரியதாயின், அதன் ஆண்டறிக்கையை எடுத்து அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்றன. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால் மிகுதியையும் ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்றன. வேலையும் நிபந்தனைகளும் ஒன்றாயின், ஆண் பெண் என்று ஊதியத்தில் வேறுபாடு காட்டலாகாது என்பது 1976 முதலே சட்டம். ஆனால் வேறுபாடு இருக்கிறதா என்று அறிவதற்கே வழியில்லையெனில், அச்சட்டத்தை எவர் எடுத்து எவரிடம் நீட்டுவது?

இவ்வேலையின் மற்றத் துன்பங்களை இங்கு விரிக்கப் போவதில்லை. அமெரிக்காவின் பகலுக்கு ஏற்ப நம் இரவில் நடக்கும் கூட்டங்கள், விலகுவதற்கு முன் பணிபுரிய வேண்டிய தொண்ணூறு நாள், வாரத்திற்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் பெரியவர் ஒருவர் சொல்ல எழுந்த வாதம் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்த பிறகு, பேரம் பேசும் துணிவும் பலருக்குக் குன்றியிருக்கிறது. அச்சம் மிகும்போது இரகசியமும் இறுகும்.

நம் தங்கை மகள் 2022-இறுதியில் அந்த வேலையை விட்டாள். இம்முறை எவ்வளவு கேட்பது என்று ஊகிக்கவில்லை. ஐதராபாத்திலும் புனேயிலும் அதே வேலை செய்யும் கல்லூரித் தோழியர் ஐவரிடம் முதலில் தன் சம்பளத்தைச் சொன்னாள். பிறகு அவர்களுடையதைக் கேட்டாள். ஐவரில் நால்வர் சொன்னார்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐதராபாத் நிறுவனத்தோடு பேசி, பத்தரை இலட்சத்தில் சேர்ந்தாள். அதில் மாறும் ஊதியம் எவ்வளவு, சென்ற இரண்டாண்டுகளில் அது உண்மையில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்டுவிட்டே கையெழுத்திட்டாள்.

சென்ற மாதம் அழைத்திருந்தாள். அவளுக்குக் கீழே பணிபுரியும் தம்பி ஒருவன், நெல்லூர்க்காரன், சேர்ந்து மூன்றாண்டு ஆகிறதாம். "அக்கா, நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டானாம். அவளுடைய நியமனக் கடிதத்திலும் அந்தப் பழைய விதி இருக்கிறது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னுடையதைச் சொன்னாளாம். மூன்றாண்டு அனுபவத்திற்கு வெளியில் எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் சொன்னாளாம். அவன் மறுநாள் காலையிலேயே மேலாளரிடம் போய்விட்டான். பதில் இன்னும் வரவில்லை.