இன்னுமோர் இசைத்தட்டு வருமா?

திரைப்பாடல்களுக்கு அப்பால், இசைஞானி இளையராஜா இன்னுமொரு தனி இசைத்தொகுப்பைத் தருவாரா? அவருடைய இசையில் வளர்ந்த நம்மிடையே இக்கேள்வி அடிக்கடி எழுகிறது.

1976-இல் 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வழி அறிமுகமானவர் அவர். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தட்டைத் தந்தார். 1988-இல் புல்லாங்குழல் ஓங்கி ஒலிக்கும் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 2005-இல் திருவாசகத்தைச் சிம்பொனிக் குழுவோடு கேட்டோம். 20 ஆண்டுகளுக்குப் பின், 2025 மார்ச் 8-ஆம் நாள், லண்டனில் 'வேலியண்ட்' என்ற தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81!

ஆகவே, முதுமையைக் கண்டு நாம் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வந்தால் மகிழ்வோம், வராவிட்டாலும் தந்தவை நம்மோடு இருக்கும். அவை பதிவாகிவிட்டன.

ஆனால், நம் வீட்டுப் பாட்டியை எண்ணிப் பாருங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் அவர் நெஞ்சில் இருக்கின்றன. எந்த இசைத்தட்டிலும் இல்லை. அடுத்த பாட்டு எப்போது என்று அவரிடம் நம்மில் யார் கேட்கிறோம்? இன்று மாலையே அருகில் அமர்ந்து, பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டின் சொற்களைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதட்டும். பாட்டி மறைந்தபின் காத்திருந்து பயனில்லை.