மகிழ் வளர்ப்போம்



சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாருக்குப் பிரியேன் எனச் சூளுரைத்தது திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சன்னிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் மகிழடியில் எழுந்தருள வேண்டும் என்பது நாயனார் வேண்டுகோள். இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சூளுறவு கேட்குமாறு பணித்துவிட்டான்! மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் அங்கு நிகழ்கின்றது. வைணவத்திலும் நம்மாழ்வார்க்கு உரியது மகிழ மாலையே. அதனால் அவர் வகுளாபரணர். வகுளம் என்னும் பெயர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் உண்டு.

இவ்வளவு பெருமை பேசும் நாம் புதிதாய் ஒரு மகிழங்கன்று நடுகின்றோமா? விடியலில் உதிர்ந்த பூவைப் பொறுக்குகிறோம். உலர்ந்த பின்னும் மணப்பதை வியக்கிறோம். அவ்வளவே. இக்காலப் பிள்ளைகளோ மகிழம்பூ முறுக்கை அறிவர், மகிழம்பூவை அறியார். அதன் பழம் உண்ணத்தக்கது என்பதைப் பெரியவர்களே மறந்துவிட்டனர். ஓர் அங்குல நீளம், செம்மஞ்சள் நிறம், மாவு போன்ற சதை, துவர்ப்போடு கூடிய இனிப்பு. சப்போட்டாவும் இலுப்பையும் இதன் குடும்பத்தனவே.

உதிர்ந்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவினால் பளபளப்பான பழுப்பு விதை கிட்டும். நாள் கடத்தாமல் விதைத்தல் நன்று. இளங்கன்றுக்கு அரைநிழல் பொருந்தும். முதற் கோடைகளில் நீர் தவறலாகாது. ஆடு மாடு அணுகாதவாறு வேலியும் வேண்டும். மகிழ் மெல்ல வளர்வது. வாழை வைத்தவர்போல் அடுத்த ஆண்டே பயனை எதிர்பார்த்தல் கூடாது. பூவைக் காணப் பல ஆண்டுகள் ஆகலாம். எழுபதைக் கடந்த அடியேனும் நடலாம். பூவைப் பேரப்பிள்ளைகள் பொறுக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில கோயில்களில் தலமரத்தின் அடிவரை சிமெண்டுத் தளம் இட்டுவிடுகின்றனர். வேருக்கு நீரும் காற்றும் எவ்வாறு செல்லும்? விழும் விதைதான் எங்கே முளைக்கும்? முதுமரம் ஒரு புயலில் சாய்ந்தால் அதன் வழித்தோன்றல் ஒன்றேனும் வேண்டாமா? மரத்தைச் சுற்றி ஒரு பாத்தி அளவேனும் மண்ணை மண்ணாகவே விட்டுவைக்குமாறு திருப்பணி செய்வோரை வேண்டுகிறேன். உழவாரப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: மகிழடியில் புல்லைக் களையும்போது குனிந்து பாருங்கள். மேற்புறம் மினுங்கி, ஓரம் அலையலையாய் நெளிந்த இலையோடு சிறு கன்று நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். வேரறாமல் மண்ணோடு பெயர்த்து, இடமுள்ள ஒரு வீட்டிற்குக் கொடுங்கள்.