வெள்ளையடித்த சுவரும் புது வண்டியும்

(மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் நினைவு நாளன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தியில் நாசரேத்து ஊரார் இயேசுவைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இவர் தச்சருடைய மகன்தானே, இவருக்கு எங்கிருந்து இந்த ஞானம் வந்தது என்று வியக்கிறார்கள். மத்தேயு 13ஆம் அதிகாரம். வியப்பு என்று சொன்னாலும் அதில் இளக்காரம்தான் அதிகம். கையில் காய்ப்பு ஏறியவனுக்கு வாயில் வேதம் எதற்கு என்ற இளக்காரம்.

தச்சர் என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘தெக்தோன்’. மரவேலை செய்பவரை மட்டும் அது குறிக்காது. கட்டுகிறவர், கைத்தொழில் செய்கிறவர் எல்லாரையும் குறிக்கும். நம் சேலம், நாமக்கல் பக்கத்து வழக்கில் ‘பட்டறைக்காரர்’ என்று சொன்னால் பொருள் அதிகம் தவறாது. இரண்டாம் நூற்றாண்டில் மறைசாட்சியாக இறந்த புனித ஜஸ்டின், இயேசு ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். அதே இயேசுதான் பிற்பாடு தம் நுகம் இனிது, தம் சுமை எளிது என்று சொல்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, பயனுள்ளது, இதமானது என்றெல்லாம் பொருள் உண்டு. மாடு கட்டி உழுத பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரியாக இழைக்காத நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கும். செய்தவன் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான், புண் மாட்டுக்கு. இயேசு அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

சூசையப்பரின் இந்த நாளில் ஒரு புது லாரியைப் பற்றிப் பேசப்போகிறேன். மறையுரையில் லாரியா என்று கேட்காதீர்கள். நாமக்கல்லில் லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்குக் கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுகிறார்கள். வெளிமாநிலத்தார் தேடி வந்து காத்திருந்து வாங்கிப் போகிற அளவுக்கு நல்ல கைகள் இங்கே இருக்கின்றன. அதனால்தான் கெட்ட வேலையைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

பக்கத்துப் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரர், பல ஆண்டுகள் அடுத்தவர் வண்டியில் ஓட்டுநராக இருந்தவர். நகையை அடகு வைத்து, பைனான்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு சேஸிஸ் எடுத்தார். ஒரு பட்டறையில் பாடி கட்டக் கொடுத்தார். எந்த ஊர், எந்தப் பட்டறை என்று நான் சொல்லமாட்டேன். வண்டி பார்க்க மாப்பிள்ளை மாதிரி வந்தது. பெயின்ட் பளபளப்பு, முன்னால் மாதாவின் படம், பின்னால் பிள்ளைகள் பெயர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, தொப்பூர்க் கணவாய் இறங்கி, சேலத்துச் சேகோ ஆலைகளுக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

முதல் மழையிலேயே கேபின் கூரை ஒழுகியது. அடுத்து, பக்கவாட்டுத் தகடு சட்டத்தை விட்டுப் பிரிந்தது. பின்கதவின் கீல் தெறித்தது. ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில் வளைவில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்கிற சத்தம். ஓரம் கட்டிக் கீழே குனிந்து பார்த்தால், பாடியைச் சேஸிஸோடு பிடித்து நிறுத்தும் யூ-போல்ட்டுகளில் சில கையால் திருகுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. அந்த இறக்கத்தில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்று ஓமலூர்க்காரர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேலின் நூல், 13ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். மக்கள் ஒரு வலுவற்ற சுவரை எழுப்புகிறார்கள். பொய் இறைவாக்கினர் அதன்மேல் வெள்ளையடிக்கிறார்கள். மழை வரும், கல்மழை வரும், புயல் வரும், சுவர் விழும், அப்போது நீங்கள் அடித்த வெள்ளை எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள் என்கிறார் ஆண்டவர். எசேக்கியேல் பேசியது எருசலேமைப் பற்றி, பொய்யான ஆறுதல் சொன்னவர்களைப் பற்றி. ஆனால் அந்த உவமையை அவர் வானத்திலிருந்து எடுக்கவில்லை. அப்படிப்பட்ட சுவர்களைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். துருவின்மேல் பட்டி, பட்டியின்மேல் பிரைமர், பிரைமரின்மேல் மூன்று கோட்டு பெயின்ட். பாபிலோனில் என்ன பெயர் வைத்தார்களோ, வேலை ஒன்றுதான்.

இது பாவமா, வெறும் வியாபாரக் கோளாறா? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2409ஆம் எண்ணைப் பாருங்கள். களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையின்கீழ் வருகிறது. லஞ்சம், வரி ஏய்ப்பு, பொய்க் கணக்கு ஆகியவற்றோடு, மோசமாகச் செய்த வேலையும் அதே பட்டியலில் இருக்கிறது. பூட்டை உடைத்து எடுத்தால்தான் களவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று மில்லிமீட்டர் தகடு என்று பேசி, இரண்டு மில்லிமீட்டர் போட்டால், நடுவில் போன அந்த ஒரு மில்லிமீட்டர் களவு. முழுநீளம் வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் சாணுக்கு ஒரு பொட்டு வைத்து, மீதியைப் பட்டியால் மூடினால் அதுவும் களவு.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதையே இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். விற்கிறவன் தன் பொருளின் குறையைச் சொல்ல வேண்டுமா? குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால் அது எல்லாருக்கும் தெரிகிற குறை, விலையை அதற்குத் தக்கபடி குறைத்துவிட்டால் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். ஆனால் மறைவான குறை, வாங்குகிறவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரக்கூடிய குறை என்றால், சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்றால் அந்த விற்பனை முறையற்றது, ஈடு செய்யும் கடமை உண்டு. ஆபத்துக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, இடிந்து விழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்று விற்பது. குருமடத்தில் இதைப் படித்தபோது எனக்கு அது பழைய ஐரோப்பாவின் குதிரைச் சந்தைக் கணக்காகத்தான் பட்டது. வெல்டிங்கின்மேல் பூசிய பட்டி மறைவான குறைதானே.

இனி நம் சகோதரர் என்ன செய்தார் என்று பார்ப்போம். முதலில் தனியாகப் போனார். போனில் வைக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டுத் திட்டவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வழி இது. உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் மட்டும் இருக்கும்போது எடுத்துச் சொல். பட்டறை உரிமையாளர் கேட்கவில்லை. ஓவர்லோடு ஏற்றினால் எந்தப் பாடியும் நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது நியாயமான கேள்விதான். நம் ரோடுகளில் ஓவர்லோடு ஏற்றாத லாரி எத்தனை? ஆனால் இவர் ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைச் சீட்டை வாங்கி, கேபினில் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார்.

இரண்டாவது முறை இருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, சாட்சிகளோடு போ என்று. ஒருவர் நண்பர், இன்னொருவர் வயதான வெல்டிங் மேஸ்திரி. மேஸ்திரி அதிகம் பேசவில்லை. உளியால் ஓர் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே விரல் போகிற இடைவெளி. அங்கிருந்த வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வேலையாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இன்று அவர்களின் நாள். பல பட்டறைகளில் கறுப்புக் கண்ணாடிகூட இல்லாமல் வெல்டிங் வைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல நாள் பார்த்து டெலிவரி தேதி வைத்துவிட்டு, முந்தின இரவு முழுக்க அவர்களை வேலை வாங்குகிறோம். அடுத்த பட்டறையைவிட இருபதாயிரம் குறைத்தால்தான் கொடுப்பேன் என்று பேரம் பேசுகிற வாடிக்கையாளர், அந்த இருபதாயிரம் எதிலிருந்து குறையும் என்று கேட்பதில்லை. தகட்டிலிருந்து குறையும், அல்லது அந்தப் பையனின் கூலியிலிருந்து குறையும். கூலியைப் பிடித்து வைத்தால் அது ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார், ஐந்தாம் அதிகாரத்தில்.

சாமி, கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டாமா, கேஸ், கோர்ட் என்று போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் நம்பிக்கையாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டிக்கிறார், உண்மை. அதே பவுல் தமக்கு அநீதி நடக்கவிருந்தபோது சீசரிடம் முறையிடுகிறேன் என்று சட்டப்படி தமக்கிருந்த உரிமையைக் கேட்டார். திருத்தூதர் பணி 25. மன்னிப்பது நெஞ்சில் பகையை வைத்துக்கொள்ளாதிருப்பது. யூ-போல்ட் தளர்ந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போவது மன்னிப்பு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தெரிய வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் வழி கேட்கலாம். லாரி தொழிலுக்கான பொருள், நீ நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால், 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் தொடர்பான வழக்கு. பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு லாரி வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணம் காட்டியே சொல்கிறது. பல லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு அது பொருந்தாது.

இதையெல்லாம் எழுதி, பில் நகலும் எடைச் சீட்டு நகலும் வைத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார் நம் சகோதரர். ஒரு கெட்ட வார்த்தை இல்லாத கடிதம். நான் வாசித்தேன். அடுத்த வாரம் பட்டறையிலிருந்து வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் போன் வந்தது. இரண்டு வாரம் வண்டி அங்கே நின்றது. அந்த மாதத் தவணையை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார், அந்த நட்டம் நட்டம்தான்.

வேலை முடிந்து வண்டி எடுக்கும் நாளில் அவர் இன்னொன்றையும் கேட்டார். லாரியின் பின்புறத்தில் தாழ்வாக ஒரு தடுப்புக் கம்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் காரோ பைக்கோ மோதினால் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தாங்குவதற்காக இருப்பது. அதற்கென்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. லாரி கேபின், பாடி, டிரெய்லர் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கும் ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. இவர் வண்டியில் அந்த இடத்தில் மெல்லிய குழாய் ஒன்றை நான்கு பொட்டு வெல்டிங்கில் ஒட்டி வைத்திருந்தார்கள். ‘அது எஃப்.சி.க்குக் காட்டத்தானே அண்ணே, அதுல எதுக்குக் காசப் போடறீங்க’ என்று கேட்டார் பட்டறைக்காரர். மற்ற குறைகளையெல்லாம் ஒத்துக்கொண்டவருக்கு இது மட்டும் புரியவில்லை.

எனக்கு அந்த இடம்தான் முக்கியம். ஒழுகும் கூரையால் நனைவது வண்டிக்காரர். தகடு பிரிந்தால் கிழங்கு கொட்டி நட்டப்படுவதும் வண்டிக்காரர். ஆனால் அந்தப் பின்கம்பியால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அது இரவில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, அல்லது ஷிப்ட் முடித்துவிட்டு, பின்னால் பைக்கில் வரும் யாரோ ஒருவருக்காக இருக்கிறது. அவர் பட்டறைக்கு வந்து பேரம் பேசவில்லை. பில்லில் அவர் பெயர் இல்லை. தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு, பெயரே இல்லாத ஒரு மனிதரைத்தான் ஆண்டவர் காட்டினார், எரிகோ சாலையில் கிடந்தவரை. நம் சகோதரர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். ‘நான் பல வருசமா ராத்திரி வண்டி ஓட்டறவன் தம்பி. லாரிக்கு அடியில பைக்கு போனதப் பாத்திருக்கேன். காசு நான் தர்றேன், கம்பிய மாத்து.’

கம்பி மாற்றப்பட்டது. காசு வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

புது வண்டிகளை மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுவருகிறீர்கள். எலுமிச்சை, மாலை, சந்தனம் எல்லாம் முன்பக்கம்தான். நானும் முன்பக்கம் நின்று செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓமலூர்ப் பங்கில் இந்த மாதத்திலிருந்து ஒரு சின்ன மாற்றம். லாரியோ டிராக்டர் டிரெய்லரோ, மந்திரிக்கக் கொண்டுவரும்போது பின்பக்கம் கோயில் வாசலைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். செபத்துக்கு முன் நான் சுற்றி வந்து பார்ப்பேன். அந்த மேஸ்திரியும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வர ஒத்துக்கொண்டிருக்கிறார். உளி கொண்டுவர மாட்டார், பயப்பட வேண்டாம்.

தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.